கீழே இறக்கும் எடையை மேலே ஏற்றுவது யார்?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற இளைஞர் அமர்வில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மூச்சடக்கிக் கடலில் முக்குளிப்போர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் எடையைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகிகள் என்னைப் பணித்துள்ளனர். மிம்பரில் நிற்பவருக்கும் ஈயக் கட்டிக்கும் என்ன உறவு என்று சிலர் எண்ணக்கூடும். நம்முடையது கடலோர ஊர். நம் பாட்டனார்கள் சங்கு குளித்தவர்கள். இன்றைக்கு வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வரும் நம் பிள்ளைகள், பெட்டியில் நீச்சல் கண்ணாடியோடும் ரப்பர் சட்டையோடும் ஈயக் கட்டி கோத்த பெல்ட்டையும் கொண்டு வருகிறார்கள். அஸர் தொழுகை முடிந்ததும் கடற்கரையில் அதைக் கட்டிப் பார்க்கிறார்கள். ஒருவர் நான்கு கிலோ கட்டுகிறார், மற்றவர் ஆறு கிலோ கட்டுகிறார். ஏன் ஆறு என்று கேட்டால், "அவன் கட்டினான், நானும் கட்டினேன்" என்பதே விடையாக இருக்கிறது.

அடுத்தவருக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், அதோடு போயிற்று. அடுத்தவருக்கு அளந்த ஈயத்தைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினால் சிரிப்பதற்கு அங்கே யாரும் இல்லை. ஆகவே இதனை அறிந்தவர்களிடம் கேட்டும், மூத்த முக்குளிப்பாளர்களிடம் பேசியும், கணக்கிட்டுப் பார்த்தும் நான் தெளிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

நான் சொல்ல வந்த செய்தி ஒன்றே ஒன்றுதான். எடையைத் தேர்ந்தெடுக்கும்போது "இது என்னைக் கீழே இறக்குமா?" என்று கேட்பது தவறான கேள்வி. எந்த எடையும் கீழே இறக்கும். "கீழே இறக்கும் இந்த எடையை மேலே ஏற்றுவது யார்?" என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கல்லைக் கட்டி இறங்கிய காலம்

முத்துக்குளித்தலின் வரலாற்றைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவிலும் அரபு வளைகுடாவிலும் முத்துக்குளித்தவர்கள் கல்லின் துணைகொண்டே ஆழத்தை அடைந்தார்கள். கயிற்றில் கட்டிய கல்லின் மேலோ, அதற்கு மேலுள்ள கயிற்று வளையத்திலோ காலை வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, கல் இழுத்துச் சென்ற வேகத்தில் அடித்தரையைத் தொட்டார்கள். காலை எடுத்துவிட்டவுடன் தோணியில் நின்றவர் கல்லை மேலே இழுத்துக்கொண்டார். சிப்பிகளைச் சேகரித்து முடித்ததும் முக்குளித்தவர் கயிற்றை அசைத்துச் சைகை காட்டினார். உடனே மேலிருந்தவர் அவரை இழுத்து ஏற்றினார்.

அரபு வளைகுடாவில் இவர்கள் இருவருக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. முக்குளிப்பவர் 'கைஸ்'. கயிற்றைப் பிடித்து நிற்பவர் 'ஸைப்'. கல்லுக்கு 'ஹஜர்' என்றும், மூக்கைப் பிடித்துக்கொள்ளும் கவ்விக்கு 'ஃபிதாம்' என்றும் பெயர். பதினான்காம் நூற்றாண்டின் பயணி இப்னு பதூதாவும் அக்கடலில் மூக்கைக் கவ்வியால் அடைத்து, இடுப்பில் கயிறு கட்டி இறங்கிய முத்துக்குளிப்போரைப் பற்றி எழுதியுள்ளார். பஹ்ரைனின் முஹர்ரக் நகரில் அந்தத் தொழிலின் சான்றாக நிற்கும் வீடுகளையும் கடற்கரையையும் சிப்பிப் படுகைகளையும் யுனெஸ்கோ 2012ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே பணிபுரியும் நம் சகோதரர்கள் ஒருமுறை சென்று பார்க்கலாம்.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கல் எவ்வளவு கனமாக இருந்தாலும் முக்குளித்தவருக்கு அது சுமையாகவில்லை. ஏன்? அவர் அதைத் திரும்பச் சுமக்கவில்லை. இறங்கும் பயணத்தோடு கல்லின் வேலை முடிந்தது. ஏறும் பயணத்தில் அவருடைய எடையைக்கூட வேறொருவரின் தோள்களே தாங்கின.

கிரேக்க நாட்டின் கடற்பஞ்சு குளிப்போரும் தட்டையான கல் ஒன்றைக் கைகளில் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்கள். சிமி தீவைச் சேர்ந்த ஹாஜி ஸ்டாட்டிஸ் என்பவர் 1913ஆம் ஆண்டு கார்பதோஸ் தீவுக்கருகே, இத்தாலியப் போர்க்கப்பலான ரெஜினா மார்கரிட்டாவின் தொலைந்துபோன நங்கூரத்தைத் தேடி எழுபது மீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்கு அவ்வாறே மூழ்கினார் என்பது முக்குளிப்பு வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. அவரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தார். இழுத்தவர்கள் படகில் இருந்தார்கள்.

ஜப்பானில் மூச்சடக்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கும் 'அமா' பெண்களிடையே இரண்டு பிரிவினர் உண்டு. கரையிலிருந்து தாமே நீந்திச் சென்று குறைந்த ஆழத்தில் தனியாக முக்குளிப்போர் ஒரு பிரிவினர். அவர்கள் கனமான எடையைத் தொடுவதில்லை. படகில் சென்று ஆழமாக முக்குளிப்போர் மற்றொரு பிரிவினர்; அவர்கள் கனத்த எடையைப் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்குவார்கள். ஆனால் அவர்களை மேலே இழுப்பதற்கென்று படகில் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அவர் கணவராகவே இருப்பார். இழுப்பதற்கு ஆள் உண்டெனில் கனமான எடை, ஆள் இல்லையெனில் எடை இல்லை. கற்றறிந்த பொறியாளர்கள் வகுத்த விதியன்று இது. கடலோடு வாழ்ந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்த விதி.

தென்கொரியாவின் ஜேஜு தீவிலுள்ள 'ஹென்யோ' பெண்கள் பருத்தி ஆடையில்தான் முக்குளித்து வந்தார்கள். 1970களில் ரப்பர் உடை வந்த பின்னரே அவர்களிடம் ஈயம் வழக்கமாயிற்று. அந்த உடை உடலை மிதக்கச் செய்தது; மிதப்பை ஈடுகட்ட ஈயம் தேவைப்பட்டது. ஆக, இடுப்பில் கட்டும் ஈயம் என்பது ரப்பர் சட்டையின் மிதப்புக்கு நிகராக வைக்கும் படிக்கல்லே தவிர, வேறொன்றும் இல்லை.

இன்று நம் பிள்ளைகள் கட்டுகிற பெல்ட்டில் பழைய கல்லின் கனம் மட்டும் வந்திருக்கிறது. கயிறு வரவில்லை, கயிற்றைப் பிடிக்கும் ஸைப்பும் வரவில்லை. இறக்கிய எடையை அவரே ஏற்றியாக வேண்டும். ஆகவே பழைய கல்லின் அளவு இதற்குப் பொருந்தாது.

கடலுக்குள் உடலின் கணக்கு

இப்போது சற்றுக் கணக்குப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ் விதியும் பாயில் விதியும் இங்கே நமக்குக் கைகொடுக்கும்.

நீரில் இருக்கும் உடல் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் எடை அளவுக்கு உடல் மேல்நோக்கித் தள்ளப்படும். ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ ஒரு கிலோவும் இருபத்தைந்து கிராமும் எடை கொண்டது. ஆகவே உடலின் பருமன் ஒரு லிட்டர் குறைந்தால், உடல் நீருக்குள் ஏறத்தாழ ஒரு கிலோ கனத்துவிட்டதாகப் பொருள்.

முக்குளிப்பவரின் உடலில் எது சுருங்கும்? எலும்பும் தசையும் சுருங்குவதில்லை. நுரையீரலிலுள்ள காற்றும், ரப்பர் சட்டைக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய காற்றுக் குமிழிகளும் சுருங்கும். கடல்மட்டத்தில் நம்மீது அழுத்தம் ஒரு மடங்கு. பத்து மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்கு. இருபது மீட்டரில் மூன்று மடங்கு. முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. அழுத்தம் எத்தனை மடங்கு பெருகுகிறதோ, காற்றின் பருமன் அத்தனையில் ஒரு பங்காகும்.

மேலே நுரையீரல் நிறைய ஆறு லிட்டர் காற்றை நிரப்பிக்கொண்டு ஒருவர் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மீட்டரில் அது நான்கு லிட்டராகிறது. பத்து மீட்டரில் மூன்று. இருபது மீட்டரில் இரண்டு. முப்பது மீட்டரில் ஒன்றரை. முதல் பத்து மீட்டருக்குள் அவர் மூன்று லிட்டர், அதாவது ஏறத்தாழ மூன்று கிலோ மிதப்பை இழக்கிறார். அதற்கடுத்த பத்து மீட்டரில் இழப்பது ஒரு கிலோ மட்டுமே. பெரிய மாற்றம் முழுவதும் முதல் பத்து மீட்டருக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது. ரப்பர் சட்டை அணிந்திருந்தால் அதன் மிதப்பும் இவ்வாறே குறைந்துகொண்டு போகும்.

இதனால்தான், தொடக்க நிலையில் உள்ளோருக்கு இன்றைய பயிற்சியாளர்கள் பத்து மீட்டரை அளவுகோலாக வைக்கிறார்கள். நிறைந்த மூச்சோடு பத்து மீட்டர் ஆழத்தில் அசையாமல் நின்றால், உடல் மேலேயும் எழக்கூடாது, கீழேயும் போகக்கூடாது. தராசின் இரு தட்டுகளும் நேராக நிற்பது போன்ற நிலை அது. அதற்கு மேலே வந்தால் கடல் உங்களைத் தூக்கும். அதற்குக் கீழே சென்றால் கடல் உங்களை இழுக்கும்.

இரண்டு கிலோ கூடினால் என்ன?

"ஹஜரத், இரண்டு கிலோ கூடினால் என்ன ஆகிவிடப் போகிறது? இறங்குவது சுலபமாகத்தானே இருக்கும்?" என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. கணக்கே விடை சொல்லட்டும்.

மேலே சொன்ன ஆறு லிட்டர் நுரையீரல் கொண்டவரையே எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, ரப்பர் சட்டையை விட்டுவிடுவோம். சரியான எடையோடு பத்து மீட்டரில் அவர் சமநிலையில் இருக்கிறார். நீர்மட்டத்திற்கு வரும்போது மூன்று கிலோ அளவுக்கு மிதப்பார். இருபது மீட்டர் சென்றால் ஒரு கிலோவைச் சுமந்து மேலே வர வேண்டும். பத்து மீட்டரைக் கடந்துவிட்டால் கடலே அவரைத் தூக்கி வந்து மேலே விடும்.

அவர் இரண்டு கிலோவைக் கூடுதலாகக் கட்டிக்கொள்கிறார். இப்போது இருபது மீட்டரில் சுமை மூன்று கிலோ. பத்து மீட்டர் வந்த பிறகும் இரண்டு கிலோ சுமை. அவருடைய சமநிலை எங்கே போயிற்று தெரியுமா? நீர்மட்டத்திற்கு இரண்டே மீட்டர் கீழே வந்து நிற்கிறது. அதுவரை கால்களை உதைத்துக்கொண்டேதான் வர வேண்டும். எங்கே கடல் அவருக்கு உதவ வேண்டுமோ, அங்கேயும் அவர் கடலோடு போராடுகிறார்.

அந்தக் கடைசிப் பத்து மீட்டர்தான் ஆபத்தான இடம். ஆழத்தில் இருக்கும்போது அழுத்தத்தின் காரணமாக நுரையீரலிலுள்ள ஆக்ஸிஜன் எளிதாக இரத்தத்தில் கலக்கிறது. எஞ்சியிருப்பது கொஞ்சமே ஆனாலும் உடல் தாக்குப்பிடிக்கிறது. மேலே வரவர அழுத்தம் குறைகிறது. பத்து மீட்டரிலிருந்து நீர்மட்டத்திற்கு வருவதற்குள் அழுத்தம் பாதியாகிவிடுகிறது. ஆக்ஸிஜனின் அழுத்தமும் அதனோடு சரிகிறது. எவ்வித முன்னறிவிப்புமின்றி நினைவு தவறிவிடும். மூச்சடக்கி முக்குளிப்போர் நினைவிழப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி மீட்டர்களிலோ, நீர்மட்டத்தை அடைந்து ஓரிரு மூச்சு விட்ட பிறகோதான். இறங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்து விடுகிறார்களே, அந்தப் பழக்கம் இந்த ஆபத்தை இன்னும் கூட்டுகிறது. 'மூச்சு வேண்டும்' என்று உடல் எழுப்பும் எச்சரிக்கையை அது தாமதப்படுத்திவிடும்.

இப்போது அந்த இருவரையும் நீர்மட்டத்தில் பாருங்கள். மேலே வந்ததும் மூச்சை விடுகிறார்கள். ஆறு லிட்டர் மூன்று லிட்டராகிறது. மூன்று கிலோ மிதப்பு போய்விட்டது. சரியான எடை கட்டியவர் தராசின் முள் நடுவில் நிற்பதுபோல் நீர்மட்டத்திலேயே நிற்கிறார். ரப்பர் சட்டை அணிந்திருந்தால் மேலே வரும்போது அதுவும் விரிந்து அவரை இன்னும் நன்றாக மிதக்க வைக்கும். இரண்டு கிலோ கூடுதலாகக் கட்டியவரோ, நீரைவிட இரண்டு கிலோ கனமாகிவிட்டார். நினைவோடு இருந்தால் கால்களை உதைத்துத் தப்பிப்பார். அந்த நொடியில் நினைவு தவறினால் சத்தமின்றி மூழ்கிப்போவார். கீழே போகப்போக அவருடைய கனம் கூடிக்கொண்டே போகும்.

இறங்கும்போது நான்கைந்து உதைகளை மிச்சப்படுத்துவதற்காக, ஏறும்போது உயிரையே பணயம் வைக்கும் பேரம் இது. வியாபாரம் தெரிந்த நம் சமூகத்தில் இப்படியொரு பேரத்தை யார் ஒப்புக்கொள்வார்?

"அப்படியானால் முதல் சில மீட்டர்கள் இறங்கவே முடியவில்லையே" என்று நீங்கள் கேட்கலாம். அதற்குத் தீர்வு ஈயம் அன்று, முறையான கவிழ்தலே. இடுப்பை மடக்கித் தலைகீழாகக் கவிழ்ந்து, இரண்டு கால்களையும் நீருக்கு மேலே நேராக உயர்த்துங்கள். நீருக்கு வெளியே நிற்கும் கால்களின் கனமே உங்களைக் கீழே தள்ளும். இறங்க உதவிவிட்டு, ஏறும்போது சுமையாகாத எடை அது. நம் மூத்த சங்குகுளிப்போர் இதை யாரும் சொல்லித் தராமலேயே செய்தார்கள்.

உங்களுக்குரிய எடையை அறிவது எப்படி?

முதலாவது, ரப்பர் சட்டையின்றி நம் வெதுவெதுப்பான கடலில் முக்குளிப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஈயமே தேவையில்லை. நிறைந்த மூச்சோடு மிதந்து, சாதாரணமாக மூச்சை விட்டதும் நீர்மட்டத்தை ஒட்டி நிற்கும் உடல், பத்து மீட்டரில் தானாகவே சமநிலைக்கு வந்துவிடும். மெலிந்த, தசை இறுகிய உடல் கொண்டவர்கள் அதற்கு முன்பே கனத்துவிடுவார்கள். இராமநாதபுரம் கடற்கரையில் பாசி எடுக்கும் பெண்கள் எந்த எடையும் இல்லாமல்தான் நாள் முழுவதும் முக்குளித்து எழுகிறார்கள்.

இரண்டாவது, ரப்பர் சட்டை அணிவோர் அந்தச் சட்டைக்கு ஏற்பவே அளக்க வேண்டும். தடித்த சட்டைக்கு அதிக ஈயம் வேண்டும். மெல்லிய சட்டைக்குக் குறைவாக வேண்டும். பழைய சட்டை நைந்து மிதப்பை இழந்திருக்கும். சட்டையை மாற்றினால் எடையையும் புதிதாக அளக்க வேண்டும். உடம்பு இளைத்தாலும் பருத்தாலும் அப்படியே.

மூன்றாவது, அளக்கும் முறை. துணைக்கு ஒருவர் அருகில் இருக்க வேண்டும். குறைவான எடையில் தொடங்கி, அரை அரை கிலோவாகக் கூட்டுங்கள். நீர்மட்டத்தில் கைகால்களை அசைக்காமல் நிமிர்ந்து நின்று, சாதாரணமாக மூச்சை விடுங்கள். அப்போதும் நீங்கள் மூழ்கக்கூடாது. மூழ்கினால், கட்டியிருக்கும் எடை அதிகம் என்று பொருள், கழற்றிவிடுங்கள். இந்தச் சோதனையில் தேறிய பிறகே அடுத்தது. பத்து மீட்டரில் அடையாளமிட்ட கயிற்றைப் பிடித்து, நிறைந்த மூச்சோடு இறங்கி, அங்கே பிடியைத் தளர்த்திப் பாருங்கள். கீழே போனால் எடையைக் குறையுங்கள். மெல்ல மேலே எழுந்தால் கவலையில்லை. பிழை அந்தப் பக்கமாகவே இருக்கட்டும். பத்து மீட்டரை எட்டாதவர்கள் முதல் சோதனையோடு நிறுத்திக்கொண்டு, அதற்கும் சற்றுக் குறைவான எடையையே கட்ட வேண்டும்.

நான்காவது, ஐந்து மீட்டர் ஆழத்தில் வேலை செய்வோர், "எனக்கு ஐந்து மீட்டரில் சமநிலை போதும்" என்று எடையைக் கூட்டுகிறார்கள். கணக்கு என்ன சொல்கிறது? ஐந்து மீட்டரில் சமநிலை என்றால் நீர்மட்டத்தில் இரண்டு கிலோ மிதப்புதான் இருக்கும். மூன்று லிட்டர் மூச்சை விட்டதும் ஒரு கிலோ கனமாகிவிடுவார். ஆழம் குறைவு என்பதற்காக நீர்மட்டச் சோதனையைக் கைவிடக்கூடாது. மறுபுறம், ஆழம் கூடக் கூட எடை குறைய வேண்டும். இருபத்தைந்து, முப்பது மீட்டர் செல்லும் தேர்ந்தவர்கள் சமநிலையைப் பத்து மீட்டருக்கும் கீழே வைத்துக்கொள்கிறார்கள். ஆழமாகச் செல்பவருக்கு அதிக ஈயம் என்ற எண்ணம் நேர்மாறான எண்ணம்.

ஐந்தாவது, கடலில் அளந்த எடையை ஆற்றிலோ நீச்சல் குளத்திலோ கட்டக்கூடாது. நன்னீர் கடல்நீரைவிட லேசானது. எழுபது லிட்டர் பருமனுள்ள உடல் நன்னீரில் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் கிலோ கூடுதலாகக் கனக்கும். அந்த அளவுக்கு ஈயத்தைக் குறைக்க வேண்டும்.

ஆறாவது, ஈயத்திற்குப் பதிலாகக் கல்லைக் கட்டுவோரும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. ஒரு கிலோ ஈயம் கடலுக்குள் தொள்ளாயிரம் கிராமுக்குச் சற்று மேலாகக் கனக்கும். ஒரு கிலோ கருங்கல்லோ அறுநூறு கிராம் அளவே கனக்கும். 'மூன்று கிலோ கல் கட்டிப் பழகினேன்' என்று சொல்லி மூன்று கிலோ ஈயத்தைக் கட்டினால் ஏறத்தாழ ஒரு கிலோ கூடிவிடும்.

ஏழாவது, எடுத்த சங்கும் சிப்பியும்கூட எடைதான். அவற்றை வலைப்பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டால், அளந்து வைத்த கணக்கெல்லாம் வீண். அன்று முத்துக்குளித்தவர்களின் பையைத் தனிக்கயிற்றில் தோணிக்கு இழுத்தார்கள். நீங்களும் பையை மிதவையில் கட்டித் தொங்கவிடுங்கள், உடம்பில் கட்டாதீர்கள்.

ஸ்கூபா கணக்கு நமக்கு ஆகாது

வளைகுடாவில் காற்றுச் சிலிண்டரோடு ஸ்கூபா பழகிய சகோதரர்கள் சிலர், அங்கே கட்டிய எடையையே இங்கும் கட்டுகிறார்கள். உடல் எடையில் இத்தனை சதவீதம் என்று ஒரு கணக்கும் சொல்கிறார்கள். அது அந்த முறைக்கு உரியது. சிலிண்டரிலிருந்து மூச்சிழுப்பவருக்கு ஆழத்தின் அழுத்தத்திற்கேற்பக் காற்று கிடைத்துக்கொண்டே இருப்பதால் நுரையீரல் சுருங்குவதில்லை. காற்றடைத்து மிதப்பைக் கூட்டிக்கொள்ளும் அங்கியும் அவர் உடலில் இருக்கிறது. காற்றைச் செலவிடச் செலவிடச் சிலிண்டரும் இலேசாகும். அதையும் சேர்த்துத்தான் அவர் எடையை அளக்கிறார். ஒரே மூச்சோடு இறங்குபவருக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது.

பெல்ட்டும் துணையாளும்

எடையின் அளவைப் போலவே அதைக் கட்டும் விதமும் முக்கியம். ஒரே கையால், ஒரே இழுப்பில் அவிழும் கொக்கி வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலே, கடைசியாகக் கட்ட வேண்டும். அதன்மேல் வேறு கயிறோ பையோ வரக்கூடாது. ஆழத்தில் வயிறும் சட்டையும் சுருங்குவதால் துணிப் பட்டை தளர்ந்து நெஞ்சுக்கு நழுவும். ரப்பர் பட்டையை இழுத்து இடுப்பெலும்பில் பொருத்தினால் அதுவும் சேர்ந்து சுருங்கி நிலைத்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு கொக்கியை அவிழ்க்கும் பயிற்சியைக் கரையிலேயே பலமுறை செய்யுங்கள். ஐயம் எழுந்த கணமே ஈயத்தைக் கடலில் விட்டுவிடுங்கள். காசு போட்டு வாங்கிய ஈயமாயிற்றே என்று யோசிப்பதற்கு அது நேரமன்று. ஈயத்தை இன்னொரு நாள் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது துணையாள். ஒருவர் கீழே சென்றால் மற்றவர் மேலே நின்று கண்காணிக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இறங்கினால் இருவருமே தனியாக இறங்கியதாகத்தான் பொருள். மேலே வந்தவர் மூச்சு விட்டுச் சிரித்த பிறகும் குறைந்தது அரை நிமிடம் அவர் முகத்திலிருந்து பார்வையை எடுக்கக்கூடாது. நினைவு தவறினால் முகத்தை நீருக்கு மேலே தாங்கி, அவரது ஈயத்தை அவிழ்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, பெயர் சொல்லி அழைத்து மூச்சுவிடச் செய்ய வேண்டும். கூடுதல் ஈயம் கட்டியவரைத் தூக்குவது துணையாளுக்கும் கடினம் என்பதை மறக்க வேண்டாம். நண்பர் உங்களை நம்பித் தண்ணீருக்குள் போகிறார் என்றால், அவர் மேலே வரும்வரை அவருடைய உயிர் உங்கள் கையில் உள்ள அமானிதம்.

திறமை உள்ளவருக்குத் துணை வேண்டாம் என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. மூச்சடக்கி முக்குளிப்பதில் உலகச் சாதனைகள் பலவற்றை நிகழ்த்திய ரஷ்யப் பெண்மணி நட்டாலியா மொல்ச்சனோவா, 2015 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஸ்பெயின் நாட்டின் ஃபார்மென்டேரா தீவருகே கடலில் இறங்கியவர் திரும்பவே இல்லை. போட்டிகளில் அவர் அடைந்த ஆழங்களோடு ஒப்பிட்டால் அன்று அவர் சென்றது பெரிய ஆழமே அல்ல.

மூச்சடக்கி முக்குளிக்கும் முறைகளில் இரண்டைப் பார்ப்போம். ஒன்றில் எடையின் துணைகொண்டு இறங்கி, அதைக் கீழேயே விட்டுவிட்டு, தன் வலிமையால் மேலே வரலாம். மற்றொன்றில் கொண்டு சென்ற எடையை அப்படியே திரும்பக் கொண்டு வர வேண்டும். வழியில் கழற்றினால் அந்த முயற்சி செல்லாது. முதலாவது கல்லின் வழி. இரண்டாவது பெல்ட்டின் வழி. பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கல்லின் வழியில் சிந்திப்பதுதான் நம் பிள்ளைகளிடம் காணப்படும் குழப்பம்.

ஆகவே, அருமை இளைஞர்களே! உங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான். இந்த விடுமுறையில் யாரும் பிறருடைய பெல்ட்டை வாங்கிக் கட்ட வேண்டாம். இருவர் இருவராகச் சேருங்கள். நீர்மட்டச் சோதனையைச் செய்து, உங்களுக்குரிய எடையை ஒரு தாளில் எழுதி, எந்தச் சட்டைக்கு, எந்த நீரில் என்பதையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். வயதில் மூத்த சங்குகுளிப்போர் நம் முஹல்லாவில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களையும் கரைக்கு அழைத்துச் சென்று அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஏறி வருவதன் அருமை இறங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெற்றோர்களே! பிள்ளை கடலுக்குப் போகிறான் என்றால் "எத்தனை மீட்டர் போனாய்?" என்று கேட்காதீர்கள். "எத்தனை கிலோ கட்டினாய்? மேலே யார் நின்றது?" என்று கேளுங்கள்.